வடக்கு தப்பிய காடு

ரெகினா தன் கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் இறங்குவாள். எங்கள் ஒல்ஷின் ஊரில் காளான் பொறுக்கப் போகிற யாரும் அதைக் கையோடு எடுத்துப்போவதில்லை. நடுக்காட்டில் அது மணியடித்தால் எந்த மரத்தடியில் நிற்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடும். பெற்ற மகளுக்கே சொல்லாத இடத்தை ஒரு பெட்டி காட்டிக்கொடுக்க விடுவார்களா? பாதிரியாரிடம் மண்டியிட்டுப் பாவத்தையெல்லாம் கொட்டுகிறவர்கள்கூடக் காளான் கிடைக்கிற இடத்தை மட்டும் வாய் தவறிச் சொன்னதில்லை.

அன்று செப்டம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. வானம் முழுக்க மூடிக் கிடந்தது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. சாலையோரத்து மாதா சிலைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்சீட்டிலிருந்து கூடையை எடுத்தாள். அவள் புருஷன் எமில் முன்சீட்டில் உட்கார்ந்தபடி, மடியில் செய்தித்தாளை விரித்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தான். இடது இடுப்பு தேய்ந்துபோய், நூறடி நடந்தால் நின்று மூச்சுவிட வேண்டிய நிலைமை அவனுக்கு. காடு வரைக்கும் வருவான், காட்டுக்குள் வரமாட்டான்.

"இன்னிக்காவது கூடையில ஏதாவது வருமா? இல்ல, போன தடவை மாதிரி காத்தைப் பொறுக்கிட்டு வரப்போறியா?" என்றான்.

"நீ முட்டையைத் தின்னு. கொஞ்ச நேரமாவது வாய் அடைச்சிருக்கும்."

"எத்தனை மணிக்கு வருவே?"

"பன்னெண்டுக்கு."

"போன தடவையும் பன்னெண்டுதான் சொன்னே. ரெண்டரை வரைக்கும் இந்த மாதாவும் நானும்தான் மூஞ்சியை மூஞ்சி பாத்துட்டிருந்தோம். அவங்களாவது பேசாம இருந்தாங்க."

"அவங்களுக்கு உன்னைப் பத்தித் தெரியும்."

"கோட்டு போட்டுட்டுப் போ, ரெனியா." ரெனியா என்பது அவன் அவளைக் கூப்பிடுகிற செல்லப் பேர்.

"புழுங்குது."

"உள்ளே குளிரும். போட்டுட்டுப் போடி, சொன்னாக் கேளு."

போட்டுக்கொண்டாள். வாக்குவாதம் பண்ண அன்றைக்கு அவளுக்குத் தெம்பில்லை. எமிலிடம் சொல்லாத ஒரு சங்கதி மூன்று வாரமாக அவளிடம் இருந்தது.

போன இரண்டு தடவையும் அவள் காளான் பொறுக்கி நேரமாக்கவில்லை. வழி தப்பிவிட்டாள். பத்து வயதிலிருந்து கால் தேயத் திரிந்த காட்டில், மாதா சிலைக்கு வர வேண்டியவள் நேர் மாறாக அரண்மனையின் மதில் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து சாலையோடு நாலு கிலோமீட்டர் சுற்றி நடந்து வந்து, எமிலிடம் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிச் சமாளித்தாள். ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். இரண்டாம் தடவையும் அதே மதில், அதே துருப்பிடித்த சின்னக் கதவு. அன்று ராத்திரி அவள் தனக்குத் தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். இன்னும் ஒரே தடவை போவது. ஒழுங்காக வெளியே வந்துவிட்டால் சரி. வராவிட்டால் எமிலிடம் சொல்லிவிட்டு, டவுனில் இருக்கிற நரம்பு வைத்தியரிடம் போய் உட்கார்ந்துவிடுவது.

வழி தப்பியதற்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். அவள் தாய் லியோகாதியாவின் கதை தெரிந்தால் கேட்கமாட்டீர்கள்.

அரண்மனை என்று நாங்கள் சொல்வது எங்கள் பெருமைக்கு. இரண்டு மாடி, பதினெட்டு சன்னல், முன்னால் நாலு தூண், அவ்வளவுதான். பிரபு குடும்பம் யுத்தத்தோடு போய்விட்டது. பிறகு அரசுப் பண்ணைக்காரர்கள் வந்து நடனக் கூடத்தில் உரமூட்டையை அடுக்கினார்கள். குதிரை லாயத்தைத் தடுத்து எட்டுக் குடித்தனம் வைத்தார்கள். அதில் மூன்றாவது வீட்டில்தான் ரெகினா பிறந்தாள். லியோகாதியா பண்ணைச் சமையலறையில் நூற்றிருபது பேருக்கு முட்டைக்கோஸ் சூப் காய்ச்சுகிற வேலையில் இருந்தாள். அகப்பையும் கையுமாக வளர்ந்த கடுகடுப்பான பொம்பிளை, ஆனால் ஒருவர் பெயரை மறந்ததில்லை, ஒருவர் பங்கை மறந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவள் அறுபத்து மூன்றாம் வயதில் ஒருநாள் காட்டுக்குள் பழம் பறிக்கப் போனவள் மறுபக்கம் அரண்மனையில் போய் வெளிப்பட்டாள். பண்ணை மூடி ஏழு வருஷமாகியிருந்தது. பூட்டிய கதவைத் தட்டிச் சமையலறைச் சாவி கேட்டாளாம். பிறகு எப்படி எந்தப் பேருந்தில் ஏறினாளோ, அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு நிலையத்தில் அவளைக் கண்டுபிடித்தார்கள். தன் பேரைச் சொல்ல வரவில்லை, ஊரைச் சொல்ல வரவில்லை. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் 'பெயர் தெரியாத பெண்' என்ற அட்டையோடு கிடந்தாள். அதற்கப்புறமும் நாலு வருஷம் இருந்தாள், இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வரும் நவம்பரில் ரெகினாவுக்கு அறுபத்து மூன்று.

மரவேலிக் கதவைத் தாண்டி அவள் உள்ளே இறங்கினாள். முதல் அரைமணி நேரம் பழைய காடு. அதில் ஒவ்வொரு ஓக் மரமும் அவளுக்குப் பழக்கம். முப்பத்து நாலு வருஷம் எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள ஆறு குடியிருப்புக்கும் அவள்தான் தபால்காரி. முதலில் சைக்கிள், பிறகு சத்தம் போடுகிற ஒரு மொபெட். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் பென்ஷன் பணம் ஒருநாள் பிந்தியதில்லை. நாய்கள்கூட அவளைக் கண்டால் கடமைக்கு ஒருதரம் குரைத்துவிட்டுப் படுத்துவிடும். மகள் கல்யாணமாகி நார்வேக்குப் போனபோதும், வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோதும் அவள் அழவில்லை. மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்கு வந்துவிட்டாள்.

பழைய காட்டைத் தாண்டினால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் அரண்மனையைச் சேர்ந்த காடு. எட்டு வருஷத்துக்கு முன் அடித்த புயலில் அது முழுக்கப் படுத்துவிட்டது. மரத்தை இழுக்க வந்த எந்திரங்கள் மூலைக் கற்களையும் சேர்த்துப் பெயர்த்துப்போட்டன. இப்போது அங்கே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த இளம் பிர்ச்சும் பைனும்தான், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அச்சு. ஆனால் இளம் பிர்ச்சுக்கு அடியில்தானே நல்ல காளான் வருகிறது. ரெகினாவின் ரகசிய இடமும் அங்கேதான். எங்கே என்று எனக்கும் தெரியாது.

மூலைக் கல் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். காட்டைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, நாலு சதுரம் கூடுகிற இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்தச் சதுரத்தின் எண். இருப்பதிலேயே சின்ன எண்கள் இரண்டு இருக்கிறதே, அவற்றுக்கு நடுவிலுள்ள விளிம்பு வடக்கைக் காட்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கு வருவதற்கு முன்னால் இது வந்துவிடும். மரம் விழும், பாதை மூடும், பாசி ஏமாற்றும். கல் மட்டும் பொய் சொல்லாது. அதைச் சந்தேகப்படுவதும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைச் சந்தேகப்படுவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

இந்தக் கோடையில் ஓடைக்கு அந்தப் பக்கமும் கற்கள் திரும்பி வந்திருந்தன. பழைய கருங்கல், பளிச்சென்று வெள்ளை அடித்த எண்கள். காட்டிலாகாவுக்கு ஒருவழியாகப் புத்தி வந்ததே என்று ரெகினா முதல் தடவை பார்த்தபோது சந்தோஷப்பட்டாள்.

பதினொன்றரை மணிக்கு அவள் அப்படி ஒரு கல்லின் முன்னால் நின்றாள். கூடை பாதி நிறைந்திருந்தது. எல்லாம் தடித்த தண்டும் பழுப்புக் குடையுமான உயர்ந்த சாதிக் காளான்கள். சாதாரண நாளாக இருந்தால் துள்ளியிருப்பாள். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவிலுள்ள விளிம்பு. அதுதான் வடக்கு. வடக்கே போனால் ஓடை, ஓடையைத் தாண்டினால் ஓக் மரங்கள், அப்புறம் மாதா சிலை, அவித்த முட்டை, எமில். அந்த விளிம்பு காட்டிய பக்கம் நேர்கோடாக நடந்தாள்.

நடக்கிறபோதே தன் புத்தியைப் பரீட்சை பண்ணிக்கொண்டும் போனாள். தபால் போட்ட வீடுகளை வரிசையாக வாய்விட்டுச் சொன்னாள். ஒன்றாம் எண், தச்சன் வீடு, பெட்டி உடைந்தது. இரண்டாம் எண், விதவை மால்வினா, மகன் கடிதத்துக்குச் சன்னலிலேயே நிற்பவள். மூன்று காலி மனை. நாலு, வாத்து துரத்துகிற வீடு. நூற்றுக்கு மேல் போய்விட்டாள், ஒரு வீடு பிசகவில்லை. செத்தவர்கள் யார், வீட்டை விற்றவர்கள் யார் என்பதுகூடப் பிசகவில்லை. இவ்வளவு தெளிவாக இருக்கிற மண்டைக்கா வழி தப்பும் என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆனால் ஓடை வரவில்லை.

இன்னொரு கல் வந்தது. குனிந்து பார்த்தாள். அதுவும் அவள் போய்க்கொண்டிருந்த திசையைத்தான் வடக்கு என்றது. மேலும் நடந்தாள். ஓடை இருக்க வேண்டிய இடத்தில் தரை மேடேறியது. மேட்டின் மேல், கிளைகளுக்கு நடுவே, செங்கல் நிறத்தில் நீளமாக ஏதோ தெரிந்தது. அரண்மனை மதில்.

ஒரு வெட்டுமரக் கட்டையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, குழப்பம்தான் வந்தது. கல் சரி. கண் சரி. நூற்றுப் பதினாலு வீடு சரி. எல்லாம் சரியாக இருக்கும்போது வந்து சேர்ந்த இடம் மட்டும் எப்படித் தப்பாக இருக்கும்? அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? எல்லாம் சரி, உலகம்தான் இடம் மாறி நிற்கிறது என்றுதான் அவளும் நினைத்திருப்பாளோ? பைத்தியம் என்பது உள்ளேயிருந்து பார்த்தால் தெளிவாகத்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்தபோது ரெகினாவுக்கு நிஜமாகவே பயம் பிடித்துக்கொண்டது.

காட்டில் திசை மயங்கினால் எங்கள் பக்கத்தில் ஒரு பரிகாரம் உண்டு. போட்டிருக்கிற கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டால் மயக்கம் விட்டுவிடும் என்பார்கள். அரசாங்கச் சீருடை போட்டு முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவள் ரெகினா. இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால், "கோட்டுக்கு வழி தெரியுமாக்கும்" என்று சிரிப்பவள். அன்று சுற்றுமுற்றும் பார்த்தாள். யாருமில்லை. கழற்றினாள், கையை உள்ளே விட்டு இழுத்துத் திருப்பினாள்.

உள்பக்கம், இதயத்துக்கு நேராக, ஒரு வெள்ளைத் துணித் துண்டு தைத்திருந்தது.

செருப்புத் தைக்கிற கறுப்பு நூல். ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு நீளம். துணியில் அழியாத மையில் பெரிய பெரிய எழுத்து. தன் ஸ்பானர் பெட்டிகளில் எமில் எழுதுகிற அதே எழுத்து. 'ரெகினா ஷிமான்ஸ்கா. ஒல்ஷின், வீட்டு எண் 23. தயவு செய்து எமிலைக் கூப்பிடுங்கள்.' அதற்குக் கீழே அவன் கைபேசி எண்.

அவள் அதைப் பலமுறை படித்தாள். அப்படியானால் அவனுக்கும் தெரியும். அவள் மூன்று வாரமாக மூடி மூடி வைத்ததை அவன் முன்னாலேயே பார்த்து, எழுதி, தைத்தும் வைத்துவிட்டான். நாற்பது வருஷமாகக் கூட வாழ்கிறவன் கண்ணுக்கே தெரிந்துவிட்டது என்றால் இனி வைத்தியர் சொல்ல என்ன இருக்கிறது? கெடு முடிந்தது என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள். திருப்பிய கோட்டையே போட்டுக்கொண்டு, அந்தத் துணி தெரியாதபடி கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துருப்பிடித்த சின்னக் கதவைத் தள்ளி அரண்மனைக்குள் நுழைந்தாள். தண்ணீராவது கேட்டுக் குடிக்க வேண்டும் போலிருந்தது.

ஐந்து வருஷத்துக்கு முன் தலைநகர் வார்சாவிலிருந்து ஒரு பணக்காரர் அதை வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, தூண்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காப்பிக்கடை வைத்திருக்கிறார். சனி, ஞாயிறில் நகரத்துக்காரர்கள் வந்து நிறைவார்கள். செவ்வாய்க்கிழமையானதால் ஒரே ஒரு மேசையில்தான் ஆள். அந்த ஆளைப் பார்த்ததும் ரெகினா அப்படியே நின்றுவிட்டாள்.

ஓய்வு பெற்ற ரேஞ்சர் விதோல்த் கிராபியெட்ஸ். முப்பது வருஷம் இந்தக் காட்டை ஆண்டவர். கண்ணைக் கட்டி விட்டாலும் வெளியே வந்துவிடுவேன் என்று ஊர் விருந்துகளில் மூன்றாவது கிளாசுக்கு மேல் தவறாமல் சொல்லுகிறவர். பக்கத்தில் மூடி போட்ட காளான் கூடை. முன்னால் ஆறிய காப்பி. அவருடைய பச்சைக் கோட்டின் தையல்களெல்லாம் வெளியே தெரிந்தன. பைகள் இரண்டும் நாக்கு மாதிரி தொங்கின.

அவர் இவள் கோட்டைப் பார்த்தார். இவள் அவர் கோட்டைப் பார்த்தாள்.

"காப்பி நல்லா இருக்கும்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்றார் ரேஞ்சர்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

"எத்தனையாவது தடவை?" என்று ரெகினா மெதுவாகக் கேட்டாள்.

"என்ன எத்தனையாவது?"

"காப்பி."

ரேஞ்சர் கரண்டியை எடுத்து காப்பியில் போடாத சர்க்கரையைக் கலக்கினார். "நாலு" என்றார். "வீட்ல சொல்லிடாதீங்க, ரெகினா. தலைக்குள்ள கட்டி கிட்டி இருக்குமோன்னு படம் எடுக்க எழுதிக் கொடுத்திருக்கேன். பெண்டாட்டிக்கிட்ட பல் வலின்னு சொல்லியிருக்கேன்."

காப்பி கொண்டுவருகிற காயா என்ற பெண் வந்தாள். அரண்மனைக்காரர் வார்சாவிலிருந்து அழைத்து வந்தவள், எங்கள் காட்டுக்குப் புதியவள். ரெகினாவின் கோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நீங்களும் காளான்காரங்களா? வாங்கம்மா. இந்த ஊர் வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"எந்த வழக்கம்?"

"கோட்டைத் திருப்பிப் போட்டுட்டுக் காப்பி குடிக்க வர்றது. போன வாரம் பதினோரு பேர் அப்படித்தான் வந்தாங்க. தச்சர் ஒருத்தர், பள்ளிக்கூட டீச்சர், அப்புறம் பாதிரியார். எல்லாரும் தனித்தனியா வருவாங்க, ஒருத்தரோட ஒருத்தர் பேசமாட்டாங்க. காளான் கிடைச்ச சந்தோஷத்துல செய்யற சடங்குன்னு வர்றவங்களுக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேன். போட்டோகூட எடுத்தாங்க."

ரேஞ்சர் கரண்டியைக் கீழே வைத்தார். "பாதிரியாரா?"

"ரெண்டு தடவை."

ரெகினாவின் மண்டைக்குள் ஏதோ நகர்ந்தது. முப்பத்து நாலு வருஷம் கடிதம் பிரித்து அடுக்கியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கடிதம் தப்பான பெட்டிக்குப் போனால் தபால்காரியின் தவறு. ஊர்க் கடிதம் முழுக்கத் தப்பான பெட்டிக்குப் போனால் முத்திரை குத்திய இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

"அந்தக் கல்லையெல்லாம் யாரும்மா நட்டாங்க?" என்று கேட்டாள்.

"வெள்ளை நம்பர் போட்டதா? அது பிரபு காலத்துக் கல்லாம், நிலவறையில கிடந்துது. எங்க முதலாளிதான் ஜூலைல கொத்தனார் வெச்சு நடச் சொன்னார். உலாவ வர்றவங்களுக்கு அழகா இருக்கட்டும்னு. முதல்ல எப்படியோ நட்டாங்க, படத்துல நம்பர் சரியா விழலைன்னு எல்லாத்தையும் பாதையைப் பாத்த மாதிரி திருப்பி வெச்சாங்க." காயா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன், நல்லா இல்லையா?"

ரேஞ்சர் எழுந்தார். காது மடல்வரை சிவந்துவிட்டது. "கொத்தனார்" என்றார். "கொத்தனார் வடக்கைத் திருப்பியிருக்கான். நான் மண்டையைத் திறந்து பாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன்."

அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. முதலாளி எங்கே என்று கேட்டுக்கொண்டு, தொங்குகிற பைகளோடு அவர் உள்ளே போனார். ரெகினா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோன காயா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஊரே வழி தப்பியிருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். எங்கே தப்பினாய் என்று சொன்னால் எங்கே பொறுக்கினாய் என்று தெரிந்துவிடுமே. எங்கள் ஊர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

நாலு கிலோமீட்டர் சாலையை அவள் நடந்தாள் என்று சொல்ல முடியாது, கிட்டத்தட்ட ஓடினாள். கோட்டை மறுபடி நேராக்கிப் போட்டுக்கொள்ளவும் மறந்துவிட்டாள். எதிரே வந்த பால் வண்டிக்காரன் ஹார்ன் அடித்து ஏதோ கத்தினான். பதிலுக்குக் கையை ஆட்டினாள். எமிலிடம் இதை எப்படிச் சொல்வது, பாதிரியாரை முதலில் சொல்வதா கடைசியில் சொல்வதா என்பதுதான் அவளுடைய ஒரே யோசனை.

எமில் வண்டிக்கு வெளியே, மாதா சிலையின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அந்த இடுப்போடு எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. அவளைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. அவள் நெஞ்சில் வெளிப்பக்கமாக இருந்த வெள்ளைத் துணியைப் பார்த்ததும் மறுபடி இறங்கிவிட்டது.

"பாத்துட்டியா" என்றான்.

"பாத்தேன். உன் தையலைக் கண்டா செருப்புத் தைக்கிறவன் தற்கொலை பண்ணிப்பான். ஏறு வண்டில, உக்காரு, சொல்றேன்."

சொன்னாள். கல், ரேஞ்சர், பல் வலி, பாதிரியார் எல்லாவற்றையும் சொன்னாள். எமில் முதலில் நம்பாமல் பார்த்தான், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறமும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்போ உனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல. நூத்திப் பதினாலு வீடு ஒப்பிச்சேன், தெரியுமா?"

"ஒண்ணுமே இல்ல."

"ஏ மனுஷா, எத்தனை தடவை சொல்றது? எனக்குத்தான் கோபம் வரணும். சந்தேகம் வந்தா வாயைத் திறந்து கேக்கமாட்டே? ஊசியைத் தேடிட்டுப் போவியா?"

"நீ சொன்னியா? ரெண்டு தடவை வெளுத்த மூஞ்சியோட வந்தே. காளானை யாரோ முன்னாடியே பொறுக்கிட்டாங்கன்னே. உங்கம்மா மூஞ்சியும் அன்னிக்கு இப்படித்தான் இருந்துது. கேட்டா நீ உடைஞ்சுபோயிடுவேன்னு நெனச்சேன்."

அவள் சாவியைப் போட்டாள், திருகவில்லை. எமில் சிரிப்பை நிறுத்தியிருந்தான். கையிலிருந்த செய்தித்தாளைச் சிறிதாக, இன்னும் சிறிதாக மடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"எமில்."

"ஆஸ்பத்திரிலேருந்து லெட்டர் வந்துது. போன மாசக் கடைசில. நீ காட்டுக்குள்ள இருந்தப்போ தபால்காரப் பையன்கிட்ட நானே வாங்கிட்டேன். இடுப்புக்குத் தேதி குடுத்திருந்தாங்க."

ஒன்றரை வருஷமாக அவர்கள் காத்திருந்த தேதி அது. ரெகினா திரும்பி அவனைப் பார்த்தாள். "எப்போ?"

"போன வியாழக்கிழமை."

ரெகினா சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"மூணு வாரம் அங்கேயே இருக்கணும். உன்னை எப்படித் தனியா விடறது? அடுப்பை அணைக்காம காட்டுக்குப் போயிட்டா? போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன்."

"இப்பவே பண்ணுவோம். நான் பேசறேன். தப்பு நடந்துபோச்சுன்னு..."

"பண்ணினேன், ரெனியா. மறுநாளே மனசு மாறிப் பண்ணினேன். வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்னாங்க. திரும்ப வரிசைக் கடைசிலதான் நிக்கணும். ரெண்டு வருஷம் ஆகலாம்." மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "போகட்டும் விடு. உனக்கு ஒண்ணுமில்லையே, அது போதும்" என்றான்.

கொஞ்சம் முன்னால் சாலையில் ஓடிவந்த சந்தோஷம் எங்கே போனது என்று ரெகினாவுக்குத் தெரியவில்லை. அது இருந்த இடத்தில், சொன்னால் யாரும் மன்னிக்கமாட்டாத ஓர் ஆசை வந்து உட்கார்ந்திருந்தது. கல்லெல்லாம் சரியாகவே நின்றிருக்கக் கூடாதா, தன் புத்தியே பிசகிப்போயிருக்கக் கூடாதா, அப்போது இந்த மனுஷன் விட்டுக்கொடுத்தது வீணாகாமல் இருந்திருக்குமே என்று ஒரு நிமிஷம் அவள் உள்ளபடியே ஆசைப்பட்டாள். பிறகு சாவியைத் திருகி, வீட்டுக்கு வண்டியை விட்டாள்.